கேசட்டையும் எல்பியையும் சிடியில் ஏற்ற: ரெக்கார்டர் டெக்கை மாட்டும் முறை

கணினி இல்லாமலே ஒலியைச் சிடியில் பதியும் தனிப் பெட்டிதான் சிடி ரெக்கார்டர் டெக். பாட்டு எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அவ்வளவு நேரம் அதுவும் ஓடும். 45 நிமிடக் கேசட்டுக்கு 45 நிமிடம் உட்கார வேண்டும். நாற்பதாவது நிமிடத்தில் ஒரு 'கர்ர்' புகுந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். போட்டிருந்தது ஒருமுறை மட்டும் எழுதும் டிஸ்க் என்றால் அதுவும் குப்பைக்கு. ஆகவே ரெக்கார்டு பொத்தானைத் தொடுவதற்கு முன்பே வேலையில் முக்கால்வாசி முடிந்திருக்க வேண்டும். டெக்கின் கையேடு பொத்தான்களைப் பற்றி நன்றாகவே சொல்லும். எந்த வயர் எங்கே போகிறது, ஏன் அங்கே போகிறது என்பதைத்தான் அரைப் பக்கத்தில் முடித்துவிடும். தப்பு நடப்பதெல்லாம் அந்த அரைப் பக்கத்தில்.

1990களின் பிற்பாதியில் பிலிப்ஸ், பயனியர் போன்ற நிறுவனங்களின் டெக்குகள் வீட்டு விலைக்கு இறங்கின. இன்று கிடைப்பவை பெரும்பாலும் பழையவை, வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்தவை, அல்லது செகண்ட் ஹேண்ட். இருந்தாலும் மடிக்கணினியின் மைக் துளையில் கேசட்டைச் சொருகிப் பதிவதைவிட இவை எவ்வளவோ மேல். மைக் துளை மில்லிவோல்ட் அளவு சிக்னலுக்காகச் செய்தது, பல மடிக்கணினிகளில் மோனோ வேறு. டெக்கில் முறையான லைன் இன்புட், பெரிய லெவல் மீட்டர், நல்ல அனலாக்-டிஜிட்டல் மாற்றி எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன.

முதலில் டிஸ்க்

கணினிக்கென விற்கும் சிடி-ஆரை (ஒருமுறை மட்டும் எழுதும் காலி டிஸ்க்) வீட்டு உபயோக டெக்கில் போட்டால் ஏற்காது. டெக் ரிப்பேர் என்று நினைத்து மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ரிப்பேர் ஒன்றுமில்லை. காலி டிஸ்கின் பள்ளக்கோட்டில் தொழிற்சாலையிலேயே ஒரு குறியீடு பதிந்திருக்கும்: இது ஆடியோவுக்கு மட்டுமா, பொது உபயோகத்துக்கா என்று. டெக் அதைத்தான் முதலில் படிக்கிறது. ஆடியோ டிஸ்க் இல்லையென்றால் பதிய மறுக்கிறது. இதன் பின்னால் இருப்பது காசு. அமெரிக்காவில் 1992இல் வந்த ஆடியோ ஹோம் ரெக்கார்டிங் சட்டம், டிஜிட்டல் ஆடியோ ரெக்கார்டரின் விலையில் 2 சதவீதமும் காலி ஆடியோ டிஸ்கின் விலையில் 3 சதவீதமும் இசைத் துறைக்குப் போகும்படி செய்தது. கணினி டிஸ்க்குக்கு அந்தப் பிடித்தம் இல்லை. பிடித்தம் கட்டிய டிஸ்க் எது என்று டெக்குக்குத் தெரிய வேண்டுமே, அதற்குத்தான் குறியீடு. மற்றபடி ஒலித்தரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. 'ஆடியோ டிஸ்க்கில் பாஸ் நன்றாக வரும்' என்று கடையில் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடலாம்.

அடையாளம் எளிது. சிடி லோகோவுக்குக் கீழே 'டிஜிட்டல் ஆடியோ ரெக்கார்டபிள்' என்று இருந்தால் ஆடியோ டிஸ்க். வெறும் 'ரெக்கார்டபிள்' என்று இருந்தால் கணினி டிஸ்க். அட்டையில் 'ஃபார் மியூசிக்' அல்லது 'ஃபார் ஆடியோ' என்றும் போட்டிருப்பார்கள். டாஸ்காம் சிடி-ஆர்டபிள்யூ 900 போல ஸ்டுடியோக்களுக்கென வந்த டெக்குகளுக்கு இந்தத் தடை கிடையாது, எந்த சிடி-ஆரையும் எடுத்துக்கொள்ளும். டெக் இன்னும் வாங்கவில்லை என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த வகையைத் தேடலாம். ஆடியோ டிஸ்க் கிடைப்பது வருடா வருடம் அரிதாகிக்கொண்டே போகிறது. தரத்துக்குப் பெயர்போன தாய்யோ யூடென் 2015 இறுதியோடு காலி டிஸ்க் தொழிலையே விட்டுவிட்டது.

இன்னொரு சிக்கல் வேகம். பழைய டெக் பாட்டின் வேகத்தில், அதாவது 1 மடங்கில் எழுதும். இப்போது கிடைக்கும் டிஸ்க்குகளின் சாயப்பூச்சு 52 மடங்கு வேகத்துக்குத் தோதாகச் செய்தது. எழுதும் முன் டெக் டிஸ்கின் உள்விளிம்பில் சோதனையாகக் கொஞ்சம் எழுதிப் பார்த்து லேசரின் பலத்தை முடிவு செய்யும்; திரையில் 'ஓபிசி' என்று வருவது இதுதான். அதிவேக டிஸ்க்கில் சில பழைய டெக்குகள் அந்த இடத்திலேயே திக்கி நின்று பிழை காட்டும். ஒரே கம்பெனி டிஸ்கை மொத்தமாக வாங்கும் முன் ஒன்றிரண்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

எங்கள் யோசனை: முதலில் இரண்டே இரண்டு ஆடியோ சிடி-ஆர்டபிள்யூ வாங்குங்கள். அழித்து அழித்து எழுதலாம், சுமார் 1,000 தடவை என்பது கணக்கு. கேசட்டை அதில் பதிந்து, ஃபைனலைஸ் செய்து (வேறு கருவிகளிலும் ஓடும்படி டிஸ்கை முடித்து வைத்து), கணினியில் ஏற்றிவிட்டு, அழித்து, அடுத்த கேசட். நூறு கேசட் இருந்தாலும் இரண்டு டிஸ்க் போதும். ஒரே குறை, ஆர்டபிள்யூ டிஸ்க் ஒளியைத் திருப்பி அனுப்புவது கால்வாசிக்கும் குறைவு, சிடி-ஆரோ மூன்றில் இரண்டு பங்கு அனுப்பும். அதனால் பழைய சிடி பிளேயர்களும் கார் பிளேயர்களும் ஆர்டபிள்யூவைக் கண்டுகொள்ளாது. கணினியின் டிரைவ் படித்துவிடும், நமக்கு அது போதும்.

கரண்ட்டும் இடமும்

டெக்கின் முதுகில் வோல்டேஜ் தகடு இருக்கும். ஜப்பானில் விற்றது 100 வோல்ட், அமெரிக்காவில் விற்றது 120, நம் வீட்டில் 230. நேராகச் சொருகினால் பவர் சப்ளை பொசுங்கும். இப்படிப்பட்ட டெக் இழுப்பது 20, 30 வாட்தான். 100 விஏ ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தாராளம். 100 வோல்ட் டெக்குக்கு 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டு 'பத்துதானே கூட' என்று விடாதீர்கள். நம் லைனில் 245 வரும் நாளில் அந்த 110 என்பது 117 ஆகியிருக்கும், உள்ளே ரெகுலேட்டர் ஐசி வீணாகக் காயும். சரியான டேப்பிங் (100 வோல்ட் தரும் முனை) உள்ளதைச் சுற்றித் தரச் சொல்லுங்கள்.

சிடி டெக்கின் வேகம் கிரிஸ்டலை நம்பி இருப்பதால் 60 ஹெர்ட்ஸ், 50 ஹெர்ட்ஸ் வித்தியாசம் அதைப் பாதிக்காது. அதே பார்சலில் அமெரிக்க ரெக்கார்டு பிளேயரும் வந்திருந்தால் கவனிக்க வேண்டும். சில பிளேயர்களின் மோட்டார் லைன் அதிர்வெண்ணைப் பிடித்துச் சுற்றும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60க்குச் செய்தது 50இல் ஓடினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். ஐந்து கட்டைப் பாட்டு மூன்று கட்டைக்கு இறங்கி அழுது வடியும்.

மின்வெட்டு பெரிய எதிரி. பதிந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்த டிராக் பெரும்பாலும் போனதுதான். ஃபைனலைஸ் நடக்கும்போது போனால் முழு டிஸ்க்குமே படிக்க முடியாமல் போகலாம். கணினிக்குப் போடும் 600 விஏ யுபிஎஸ் ஒன்றில் சிடி டெக்கையும் கேசட் டெக்கையும் மட்டும் மாட்டுங்கள், பெரிய ஆம்ப்ளிஃபயரை வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை என்றால், அதில் ஓடும் நேரத்தில் எல்பி பதியாதீர்கள். ஊசியின் மெல்லிய சிக்னலுக்குள் அந்த ரீங்காரம் கட்டாயம் ஏறும்.

ஸ்பீக்கர் மேலோ ஆம்ப்ளிஃபயர் மேலோ டெக்கை வைக்கக் கூடாது. முன்னது அதிரும், பின்னது காயும்.

டேப் லூப்

ரெக்கார்டர் டெக்கை மாட்ட வேண்டிய இடம் ஆம்ப்ளிஃபயரின் டேப் லூப். பின்புறம் 'டேப்', 'எம்டி' அல்லது 'சிடிஆர்' என்ற பெயரில் இரண்டு ஜோடித் துளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 'ரெக் அவுட்' என்பதிலிருந்து டெக்கின் லைன் இன்னுக்கு ஒரு ஜோடி வயர். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து 'பிளே' அல்லது 'டேப் இன்' துளைக்கு இன்னொரு ஜோடி. சிவப்பு வலது, வெள்ளை இடது. கடையில் ஆர்சிஏ கேபிள் என்று கேட்டால் சில இடங்களில் முழிப்பார்கள். ஏவி கேபிள் என்றால் எடுத்துத் தருவார்கள். ஒரு மீட்டர் நீளம் போதும்.

டேப் லூப்தான் வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 'ஆக்ஸ்' துளை சும்மாதானே இருக்கிறது என்று டெக்கின் அவுட்புட்டை அதில் மாட்டி, ரெக் அவுட்டை டெக்குக்குக் கொடுத்தால், என்றோ ஒருநாள் செலக்டர் ஆக்ஸுக்குப் போகும். அப்போது டெக்கின் ஒலி ஆம்ப்புக்குள் போய், ரெக் அவுட் வழியே மறுபடி டெக்குக்கே வரும். டெக் ரெக்கார்டு-பாஸில் (பதியத் தயாராக நிறுத்தி வைத்த நிலையில்) இருந்தால் உள்ளே வருவதை அப்படியே வெளியே விடும். சுற்றிச் சுற்றி ஏறி ஓர் ஊளை கிளம்பும், ஸ்பீக்கரில் ட்ரெபிளைத் தரும் ட்வீட்டர் எரிந்துபோக அது போதும். டேப் லூப்பில் அந்த ஆபத்து இல்லை. செலக்டரை டேப்புக்குத் திருப்பினால் அதன் ரெக் அவுட்டுக்குச் சிக்னல் போகாதபடி ஆம்ப்பின் உள்ளேயே செய்திருப்பார்கள்.

ரெக் அவுட்டில் வருவது வால்யூம், டோன், பேலன்ஸ் எல்லாவற்றுக்கும் முந்தைய சிக்னல். வால்யூமைக் குறைத்தால் பதிவு குறையாது. பாஸ் திருகினால் பதிவில் ஏறாது. அது நல்லதுதான், ராத்திரியில் சத்தமில்லாமல் பதியலாம்.

ஏவி ரிசீவர் வைத்திருப்பவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. டிவிடி பிளேயரை ஆப்டிகலில் (ஒளி வழியே டிஜிட்டல் ஒலியைக் கடத்தும் கேபிளில்) மாட்டியிருப்பார்கள், பாட்டு ஸ்பீக்கரில் கேட்கும், டெக்கில் மீட்டர் அசையாது. பல ரிசீவர்கள் அனலாக்கில் வந்ததை மட்டுமே அனலாக் ரெக் அவுட்டுக்கு அனுப்பும். அந்தப் பிளேயரிலிருந்து சிவப்பு-வெள்ளை வயரும் ஒரு ஜோடி ரிசீவருக்குப் போக வேண்டும்.

ஆம்ப்ளிஃபயரே இல்லை, டூ-இன்-ஒன் மட்டும்தான் என்றால் முதலில் அதில் லைன் அவுட் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் ஹெட்ஃபோன் துளையிலிருந்து 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின்னும் மறுமுனையில் இரண்டு ஆர்சிஏவும் உள்ள கேபிள் போதும். இங்கே வால்யூம் பதிவைப் பாதிக்கும். டோனை நடுவில் வைத்து, பாஸ் பூஸ்ட்டை அணைத்து, வால்யூமை மூன்றில் ஒரு பங்கில் நிறுத்திவிட்டு மீதியை டெக்கின் ரெக்கார்டு லெவலில் பாருங்கள். வால்யூமை முழுதாகத் திறந்தால் அந்தச் சின்ன ஆம்ப்பின் கிறீச்சொலியும் சேர்ந்து பதியும். ரொம்பக் குறைத்தால் அதன் இரைச்சல் மேலே வரும்.

பழைய ஐரோப்பிய செட்டுகளில் ஐந்து கால் டின் சாக்கெட் இருக்கும். அதன் 1, 4 கால்கள் ரெக்கார்டருக்கு வெளியே போவது, 3, 5 உள்ளே வருவது, 2 எர்த். வெளியே போகும் 1, 4 கால்களில் வேண்டுமென்றே மிகக் குறைந்த சிக்னல் வைத்திருப்பார்கள். 47 கிலோ ஓம் இன்புட்டில் அது நாற்பது, ஐம்பது மில்லிவோல்ட்தான். சிடி டெக் எதிர்பார்ப்பது அதைவிடப் பல மடங்கு. லெவலை முழுதாகத் திருப்பியும் மீட்டர் பாதிக்கு மேல் ஏறவில்லை என்றால் டெக்கைக் குறை சொல்லாதீர்கள், இடையில் சிக்னலைப் பெருக்கும் சின்ன ப்ரீஆம்ப் ஒன்று வேண்டும்.

எல்பியில் ஊசியின் விஷயம்

ரெக்கார்டு பிளேயரை நேராக டெக்கின் லைன் இன்னில் மாட்டினால் தகர டப்பாவுக்குள் கொசு பாடுவது போல வரும். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் காந்த வகை என்றால் தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட். அதோடு, எல்பி வெட்டும்போதே பாஸைக் குறைத்தும் ட்ரெபிளைக் கூட்டியும் வெட்டியிருப்பார்கள். ஆர்ஐஏஏ என்ற அந்த வளைவைத் திருப்பிச் சமன் செய்தாக வேண்டும். ஃபோனோ ப்ரீஆம்ப் இந்த இரண்டையும் செய்கிறது: சுமார் 100 மடங்கு பெருக்கம், கூடவே சமன். ஆம்ப்பில் 'ஃபோனோ' துளை இருந்தால் உள்ளேயே அது உண்டு. உள்ளே ப்ரீஆம்ப் வைத்த யுஎஸ்பி வகைப் பிளேயரை மறுபடி ஃபோனோவில் மாட்டினால் இரட்டைச் சமன் ஆகி ஒலி உடைந்து 'தொம் தொம்' என்று வரும். அதற்கு ஆக்ஸ்தான் சரி.

அந்தக் காலப் பெட்டி வடிவப் பிளேயர்களில் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ். அதன் கதை வேறு. சிக்னல் சில நூறு மில்லிவோல்ட், ஃபோனோ ப்ரீஆம்ப் தேவையில்லை. ஆனால் அதற்கு 1 மெகா ஓம் அளவு இன்புட் வேண்டும். டெக்கின் 47 கிலோ ஓமில் நேராக மாட்டினால் பாஸ் காணாமல் போகும்.

பிளேயரிலிருந்து தனியாக வரும் மெல்லிய எர்த் வயரை ஆம்ப்பின் எர்த் திருகில் கட்டுங்கள். கட்டாவிட்டால் ஹம்மிங் நிச்சயம். கட்டிய பிறகும் ஹம்மிங் இருந்தால் டிவியின் கேபிள் வயரைக் கழற்றிப் பாருங்கள். கேபிள்காரரின் எர்த்தும் வீட்டு எர்த்தும் சந்திக்கும் இடத்தில்தான் அநேகமாக அந்த 50 ஹெர்ட்ஸ் பிறக்கிறது. எல்லாப் பெட்டிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் சொருகினால் பாதிப் பிரச்சினை தீரும். ஹம்மிங் போக வேண்டும் என்று மூன்று பின் ப்ளக்கின் எர்த் காலை வெட்டுகிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள், உயிர்ப் பிரச்சினை.

கேசட்டைத் தயார் செய்தல்

ஹெட்டை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடையுங்கள். பட்ஸ் பழுப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை துடைக்க வேண்டும். நாடாவை இழுக்கும் கேப்ஸ்டன் கம்பியையும் துடையுங்கள், ரப்பர் உருளையை ஈரத் துணியால். வருடக்கணக்கில் சும்மா கிடந்த கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டுப் பதியுங்கள். நாடா ஒட்டியிருந்தால் அது விடும், இழுவையும் சீராகும். உள்ளே ஹெட்டை அழுத்தும் பஞ்சுப் பட்டை விழுந்திருந்தால் ஒலி மங்கி மங்கி வரும். திருகு வைத்த வேறு கேசட் கூட்டுக்கு நாடாவை மாற்றுவதே வழி.

அசிமத் என்று ஒன்று உண்டு, கேசட்டில் ட்ரெபிள் முழுவதும் அதன் கையில். ஹெட்டின் இடைவெளி நாடாவுக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். முன்பு ஊருக்கு ஊர் இருந்த ரெக்கார்டிங் சென்டர்களில் பாட்டுப் பட்டியல் கொடுத்துப் பதிந்து வாங்கிய கேசட்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வில் இருக்கும். அந்தக் கடையின் டெக் எப்படி நின்றதோ அப்படி. ஹெட்டின் இரு பக்கத் திருகுகளில் ஸ்பிரிங் வைத்ததுதான் அசிமத் திருகு. ஹெட்ஃபோனில் மோனோவாகக் கேட்டுக்கொண்டே கால் சுற்றுக்கும் குறைவாக இப்படி அப்படித் திருப்புங்கள். ஜால்ராவும் ஷேக்கரும் பளிச்சென்று தெளியும் இடத்தில் நிறுத்துங்கள். திருப்பும் முன் திருகின் பழைய நிலையை மார்க்கரால் குறித்துக்கொள்ள மறக்க வேண்டாம். கணினியில் என்னதான் ட்ரெபிளைக் கூட்டினாலும் தப்பான அசிமத்தில் பதிந்தது திரும்ப வராது. இந்த ஐந்து நிமிடத்துக்கு இருக்கும் மதிப்பு விலையுயர்ந்த கேபிளுக்குக்கூடக் கிடையாது.

உறையில் இரட்டை 'டி' சின்னமும் டால்பி பி என்றும் இருந்தால் மட்டும் இரைச்சலைக் குறைக்கும் டால்பி சுவிட்சைப் போடுங்கள். டால்பி இல்லாமல் பதிந்த கேசட்டுக்குப் போட்டால் இரைச்சலோடு பாட்டின் உயிரும் சேர்ந்து குறையும்.

வேகமும் பார்க்க வேண்டும். ரப்பர் பெல்ட் தளர்ந்த டெக்கில் சுருதி இறங்கும், அலையவும் செய்யும். அரைக் கட்டை என்பது சுமார் 6 சதவீத வேகம். பாடகர் வழக்கமாகப் பாடும் கட்டை தெரிந்திருந்தால் கைபேசியில் சுருதிப்பெட்டி ஆப் வைத்துச் சேர்த்துப் பாருங்கள். அலைந்தால் பெல்ட்டை மாற்றுங்கள். நிலையாக இருந்து வேகம் மட்டும் கூடுதலோ குறைவோ என்றால், பல டெக்குகளில் மோட்டாரின் முதுகில் சின்ன ஓட்டை இருக்கும், உள்ளே திருகு.

நேரக் கணக்கு: சி-60 கேசட் முழுதும் ஒரு 74 நிமிட டிஸ்க்கில் அடங்கும். சி-90 என்றால் 80 நிமிட டிஸ்க்கிலும் அடங்காது, பக்கத்துக்கு ஒரு டிஸ்க். கேசட்டுகளில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் கூடுதல் நாடா இருப்பது சகஜம், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்பி இரண்டு பக்கமும் சேர்ந்து பெரும்பாலும் 45 நிமிடத்துக்குள் முடியும்.

லெவல்

கேசட்டில் பதிந்து பழகிய கை ஊசியைச் சிவப்புக்குள் தள்ளும். நாடா அதைத் தாங்கும், டிஜிட்டல் தாங்காது. மீட்டரில் 0 என்பது கூரை. அதைத் தொட்டால் 'டப்' என்று உடையும், பிறகு எதுவும் செய்ய முடியாது. மிக உரத்த இடம் மைனஸ் 4 டெசிபலில் நிற்கும்படி வையுங்கள். மைனஸ் 8 என்றாலும் ஒன்றும் குடிமுழுகாது. 16 பிட் சிடியின் அகலம் சுமார் 96 டெசிபல், சாதாரணக் கேசட்டோ 50, 55 தாண்டாது. உங்கள் கேசட்டின் இரைச்சல் சிடியின் இரைச்சலை எப்போதோ மூழ்கடித்துவிட்டது. ஏன் விளிம்பில் நடக்க வேண்டும்?

உரத்த இடத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கச்சேரி என்றால் தனி ஆவர்த்தனத்தின் கோர்வை. நாகஸ்வரம் என்றால் நாகஸ்வரத்தைப் பார்த்து லெவல் வைக்காதீர்கள், உச்சம் தவிலில்தான் இருக்கும். அந்த இடத்தை ஓட்டி, டெக்கை ரெக்கார்டு-பாஸில் வைத்து லெவலை நிறுத்துங்கள், பிறகு ஆரம்பத்துக்குச் சுற்றிவிட்டுப் பதியுங்கள். பதிவின் நடுவில் லெவலைத் தொடவே கூடாது. பல டெக்குகளில் டிஸ்க் இல்லாமலே மானிட்டர் வசதி உண்டு, ஒத்திகைக்கு அது போதும்.

ஆட்டோ என்ற பெயரில் வரும் தொல்லைகள்

'சிங்க்ரோ' பதிவு என்பது ஒலி வந்ததும் தானே ஆரம்பிப்பது. கேட்க நன்றாக இருக்கும். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பிறகுதான் விழிக்கும் என்பதால் தம்புரா மெல்ல எழும் தொடக்கம், ஃபேட்-இன் ஆகும் முன்னிசை எல்லாம் வெட்டுப்படும். அதற்குப் பதில் ரெக்கார்டு-பாஸில் வைத்து, டெக்கை முதலில் விட்டு, இரண்டு நொடி கழித்துக் கேசட்டை விடுங்கள். முன்னால் இரண்டு நொடி வெறுமை இருந்தால் யாருக்கும் நட்டமில்லை.

ஆட்டோ டிராக் இன்னும் மோசம். சில நொடி அமைதி வந்தால் புது டிராக் எண் போட்டுவிடும். ஆலாபனையில் பாடகர் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் எண் விழுந்து ஒரு காம்போதி ஏழு துண்டாகும். உபன்யாசம் என்றால் சொல்லவே வேண்டாம். எல்பியில் நேரெதிர்: பாட்டுகளுக்கு இடையில் ஊசி கரகரக்கும் சத்தத்தை அமைதி என்று டெக் ஒப்புக்கொள்ளாமல் முழுப் பக்கத்தையும் ஒரே டிராக்காக்கும். அமைதி அளவை மெனுவில் மாற்றலாம் என்றாலும் ஆட்டோவை அணைத்துவிட்டு, பாட்டுக்கு இடையே ரெக்கார்டு பொத்தானை நீங்களே அழுத்துவதுதான் நிம்மதி. அடுத்த பாட்டு தொடங்கிய பின் அழுத்தாதீர்கள், முதல் அட்சரம் முந்தைய டிராக்கில் மாட்டிக்கொள்ளும். ஒரு டிராக் குறைந்தது 4 நொடி இருக்க வேண்டும், ஒரு டிஸ்க்கில் 99 டிராக்குக்கு மேல் போகாது.

டிஜிட்டல் வயர்

சிடி பிளேயரிலிருந்து பதிவதானால் ஆப்டிகல் அல்லது கோஆக்ஸியல் போதும். லெவல் வேலையே இல்லை, டிராக் எண்களும் தானாக வரும். ஆப்டிகல் கேபிள் ஹம்மிங்கைக் கடத்தாது. இரண்டு முனையிலும் உள்ள குட்டி மூடியைக் கழற்றாமல் சொருகி 'சிக்னல் இல்லை' என்று தவிப்பது எல்லோர் வீட்டிலும் ஒருமுறை நடக்கும். மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். வளைவு டீ டம்ளரின் வாயைவிடச் சின்னதாக ஆகக் கூடாது. கோஆக்ஸியலுக்கு வீடியோவின் மஞ்சள் பின் கேபிளே சரி, அதுவும் 75 ஓம்தான். சிவப்பு-வெள்ளை ஆடியோ வயரில் சமயத்தில் விட்டு விட்டு வரும்.

டிடிஎச் பெட்டி, டிவிடி பிளேயர் ஆகியவற்றின் மெனுவில் டிஜிட்டல் அவுட்டை 'பிசிஎம்' (சுருக்காத டிஜிட்டல் ஒலி) என்று வையுங்கள். டால்பி டிஜிட்டல் என்று இருந்தால் டெக்குக்கு அது புரியாது. அவற்றிலிருந்து வருவது 48 கிலோஹெர்ட்ஸ், சிடிக்கு வேண்டியது 44.1, டெக்கில் மாற்றி இருந்தால் தானே மாற்றிக்கொள்ளும்.

'காப்பி புரொஹிபிட்' என்று டெக் மறுத்தால் அது எஸ்சிஎம்எஸ், நகலிலிருந்து நகல் எடுப்பதைத் தடுக்கும் ஏற்பாடு. கடையில் வாங்கிய சிடியிலிருந்து டிஜிட்டலாக ஒரு நகல் எடுக்கலாம், அந்த நகலிலிருந்து வீட்டு டெக்கில் இன்னொரு டிஜிட்டல் நகல் எடுக்க முடியாது. அனலாக் வயரில் இந்தத் தடை இல்லை. உங்கள் சொந்தக் கேசட்டிலிருந்து அனலாக்கில் பதிந்த டிஸ்க்குக்கும் ஒரு தலைமுறை அனுமதி உண்டு.

ஃபைனலைஸும் பிறகும்

ஸ்டாப் அழுத்தியதும் டெக் சில நொடி எதையோ எழுதிக்கொண்டிருக்கும், சில மாடல்களில் 'பிஎம்ஏ' என்று காட்டும். எந்த டிராக் எங்கே என்ற தற்காலிகக் குறிப்பு அது. அப்போது சுவிட்சை அணைத்தால் அந்தப் பதிவை டெக்கே மறந்துவிடும். ஃபைனலைஸ் செய்யும்வரை டிஸ்க் வேறு பிளேயர்களில் ஓடாது, செய்த பிறகு சிடி-ஆரில் எதுவும் சேர்க்க முடியாது. ஆகவே முதலில் ஒருமுறை ஓட்டிக் கேட்டுவிட்டு, பிறகு ஃபைனலைஸ். சில நிமிடம் ஆகும், டிரேயைத் தொடாதீர்கள்.

பழைய டெக் வாங்கும்போது சிடி பாடுகிறதே என்று மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. லேசர் கிழடானால் படிக்கும் பலம் இருக்கும், எழுதும் பலம்தான் முதலில் போகும். கையோடு ஒரு ஆடியோ ஆர்டபிள்யூ கொண்டுபோய் ஐந்து நிமிடம் பதிந்து, ஃபைனலைஸ் செய்து, வேறொரு கருவியில் படிக்கிறதா பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். ரிமோட்டும் கேட்டு வாங்குங்கள்; சில மாடல்களில் டிராக்குக்குப் பெயர் எழுதுவது போன்றவை அதில் மட்டும்தான்.

சிடி-ஆரின் மேல்பக்கம்தான் மென்மையான பக்கம். சாயமும் பளபளப்புப் பூச்சும் லேபிளுக்கு நேர் கீழே இருக்கின்றன. பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள், காகித ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். சிடிக்கென்று விற்கும் மார்க்கரால் நடுவளையத்தில் எழுதினால் போதும். வெயில் படும் அலமாரி வேண்டாம், சாயம் வெளுக்கும்.

கணினியில் ஏற்றும்போது ஃப்ளாக் வடிவில் வையுங்கள், தரம் இழக்காமல் இடம் பாதியளவுக்குக் குறையும். சிடி ஒலி நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி, சி-60 ஒன்று சராசரியாக 300 எம்பியில் முடியும். மோனோ எல்பிகளை ஒற்றைச் சேனலாக்குவதும் கரகரப்பைத் துடைப்பதும் கணினி வேலை. டெக்கில் பதியும்போது அதற்கெல்லாம் மெனக்கெட வேண்டாம். ஏற்றியதை ஹெட்ஃபோனில் ஒருமுறை முழுதாகக் கேட்ட பிறகே ஆர்டபிள்யூவை அழியுங்கள். கேசட்டையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அசிமத் இன்னும் அரை மயிரிழை திருப்பியிருக்கலாம் என்று ஒரு வருடம் கழித்துத் தோன்றும்.